மூன்றாம் நாள் ஸஹர்

பெருநாள் போய் மூன்றாம் நாள் ராத்திரி, ஸஹர் பக்கீரின் கொட்டு தெருமுனையில் கேட்டது.

நோன்பு மாதம் முழுக்க நடுச்சாமத்தில் வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, விடியுமுன் சாப்பிட எழுப்புகிறவர் அவர். பெருநாள் அரிசியை வாங்கிக்கொண்டு காரைக்காலை விட்டே போய்விட்டாரே! இன்னும் யாரை எழுப்ப வருகிறார்?

பிரெஞ்சுக்காரன் கப்பலேறிய மறு வருஷம் அது. ஆஸியா பீவிக்கு அறுபத்திரண்டு வயது. இருபத்தெட்டு வயதில் காதுக்குள் குரல்கள் பேச ஆரம்பித்ததிலிருந்து ராத்திரித் தூக்கம் அவளுக்கில்லை. ஊர் உழைக்கும்போது உறங்குவாள், ஊர் அடங்கியதும் உட்கார்ந்திருப்பாள். பாண்டிச்சேரி டாக்டரின் புது மாத்திரை பயத்தை அமுக்கியது, கூடவே அழுகையையும் சிரிப்பையும். தூக்கத்தைத் திருப்ப அதனாலும் ஆகவில்லை. நோன்பு மாதத்தில் மட்டும் அந்தப் பாழாய்ப்போன விழிப்புக்கு ஒரு மரியாதை. தம்பி ஜெய்னுலாபுதீனை எழுப்பிச் சோறு போடுவது அவள்தான்.

பெருநாள் ராத்திரியும் பழக்கத்தில் எழுப்பிவிட்டாள். அவனுக்கு வந்ததே கோபம்!

"லாத்தா, நோன்பு முடிஞ்சி போச்சு. இனிமே ராத்திரியில என்னைத் தொட்டு எழுப்புனீங்கன்னா, அல்லா மேல ஆணையா, தர்காவுல சங்கிலி போட்டுக் கட்டிட்டு வந்துடுவேன்."

சொன்னால் செய்கிறவன். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன்; அவளுக்கும் அக்கா என்று கூப்பிட அவனை விட்டால் நாதியில்லை.

கொட்டு நெருங்கி வர வர, கருவாட்டு வாடை கலந்த உப்புக்காற்றில் சாம்பிராணியும் ஈரமண்ணும் சேர்ந்து வீசியது, ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் மெல்ல நகர்ந்தது, அதுவரை விடாமல் குரைத்த தெருநாய்கள் ஒரே சமயத்தில் வாயை மூடின. அவளுடைய குரல்கள் நாய்களுக்குக் கேட்காது. இது கேட்டிருக்கிறது.

வாசலில் நின்றது.

"ஜெய்னுலாபுதீனே, எழுந்திருங்க... ஸஹர் நேரமாச்சு..."

அடுத்த அறையில் கட்டில் முனகியது. அடுப்படியில் காலடி. தட்டு வைக்கும் சத்தம். பிறகு மெல்லும் சத்தம்.

சோறு ஏது? பானையைக் கழுவிக் கவிழ்த்தது அவள்தான்.

சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கண் மூடியிருந்தது. குறட்டை சன்னமாக வந்தது. தட்டு காலி. வலது கை வாயில். முழங்கை வரை சிவப்பு. கையை வெளியே எடுத்தபோது விரல் மூன்றுதான் இருந்தது.

"தம்பி..." தோளைத் தொடக் கை நீட்டினாள்.

தொட்டால் எழுந்துவிடுவான். எழுந்தால் தர்காவில் கட்டிவிடுவான்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பயம் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. பழக்க தோஷம், தம்ளரில் தண்ணீர் மொண்டு அவன் பக்கத்தில் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

விடியற்கால சுபுஹு பாங்குக்கு இன்னும் நெடுநேரம் கிடந்தது. தம்பி வலது கையைத் தட்டில் வைத்துவிட்டு, கண் திறக்காமலே, இடது கையை வாய்க்குக் கொண்டுபோனான்.