ஒய்வாவின் கடை

'பக்கம் திறக்கவில்லை' என்ற வரி அன்று வழக்கமான நேரத்துக்கு வரவில்லை.

எல்யாஸ் ரவ்னியோ ஒன்பது வாரங்களாகத் தினமும் மதியக் காப்பிக்குப் பிறகு அந்த முகவரியைத் திறந்து பார்த்துவருகிறார். எழுத்தும் எண்ணுமாக ஐம்பத்தாறு குறிகள் நீளும், வாயில் நுழையாத முகவரி. அவருடைய தம்பி ஒய்வா தன் கைப்பட எழுதிக் கொடுத்தது. யார் எங்கிருந்து வந்து பார்க்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாத அந்த மறைவலைக்குள் போகும் செயலியையும் ஒய்வாதான் அண்ணனுடைய போனில் போட்டுத் தந்திருந்தான். ஊதா வட்டம் சுற்றும். நாற்பது எண்ணுவதற்குள் அந்த வரி வந்துவிடும். எல்யாஸ் அதை ஒருமுறை படித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பார். அன்றைய நாளுக்கு அது போதும்.

இன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். மூன்று மணிக்கே சன்னலுக்கு வெளியே பின்லாந்தின் குளிர்கால இருட்டு கவிந்திருந்தது. கடுகுப் பூச்சும் கிராம்பும் சேர்ந்து பொரியும் பன்றித்தொடையின் வாசனை அடுப்பிலிருந்து கிளம்பிச் சுவர்க் காகிதம்வரை ஊறியிருந்தது. எங்கோ ஒரு குழாய் சுருங்கி 'டக்' என்றது. வட்டம் சுற்றியது. ஐம்பது. எண்பது. நூற்றுப் பத்து எண்ணும்போது திரை வெண்மையானது.

பக்கம் திறந்துவிட்டது. இரண்டு கோப்புகள் இருந்தன.

அக்டோபரில் இதே மேசையில் உட்கார்ந்து ஒய்வா சொன்னது அவருக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை.

"இது வேற எங்கேயும் ஏத்தி வைக்கிற சமாச்சாரம் இல்லண்ணே. என் போன்தான் கடை. அது முழிச்சிருந்தா பக்கம் வரும். அணைஞ்சுதுன்னா ஷட்டர் இறங்கிடும், அவ்வளவுதான்."

"உன் கடையில என்னடா சரக்கு?"

"அப்பாவோட குரல்."

ஊர்த் துறைமுகத்தில் வெண்கலச் சிலையாக நிற்கும் கேப்டன் ரவ்னியோதான் அவர்களுடைய அப்பா. புயலில் மூழ்கிய படகிலிருந்து பத்தொன்பது பேரைக் கரைசேர்த்தவர். சாகும் தறுவாயில் அவர் ஒலிநாடாவில் பேசி வைத்திருந்ததை ஒய்வா பரணில் கண்டெடுத்திருந்தான். 'இரண்டாவது மிதவையில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அதை எங்களோடு கட்டியிருந்த கயிற்றை அறுத்தது நான்தான்.' அப்பாவே சொல்லியிருந்தார்.

"செத்தவரை ஏண்டா தோண்டுறே?" என்றார் எல்யாஸ்.

"செத்தவங்க ஆறு பேருண்ணே. நீதானே வீட்டுக்குப் பெரியவன், நீயே ஊர்கிட்ட சொல்லு. இல்லேன்னா கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த முகவரி பத்திரிகைக்காரம்மாவுக்குத் தானாப் போயிடும். நேரம் குறிச்சு வெச்சுட்டேன்."

நான்காம் நாள் ஒய்வாவின் இதயம் மாடிப்படியில் நின்றது. அவனுடைய போனின் பூட்டு எல்யாஸுக்குத் திறக்கவில்லை. உடைத்தாலும் உள்ளே இருப்பதை எடுத்துவிடுவார்கள் என்று எங்கோ படித்திருந்தார். சவப்பெட்டியை மூடுமுன் இரண்டு நிமிடம் தனியாக இருக்க அனுமதி கேட்டார். தம்பியின் மடித்த கைகளுக்கு அடியில் போனைச் செருகினார். கைகள் சில்லென்றிருந்தன, போன் மட்டும் இளஞ்சூடாக இருந்தது. முகவரி போனால் போகட்டும், சார்ஜ் தீர்ந்தபின் ஆறடி ஆழத்தில் கடை ஏது என்று நினைத்துக்கொண்டார்.

முதல் கோப்பு 'அப்பா'. இரண்டாவதற்குப் பெயரில்லை, இன்றைய தேதி மட்டும் இருந்தது. அதைத் தொட்டார்.

முதலில் எதுவும் கேட்கவில்லை. பிறகு துணி உரசும் ஓசை. மரத்தில் ஏதோ மெல்ல நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. அப்புறம், பல போர்வைகளுக்கு அப்பாலிருந்து வருவதைப் போல, வெகு மேலே, தேவாலய மணி. நண்பகல் மணி. இன்று அதை அவரும் கேட்டிருந்தார், இதே நாற்காலியில்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே? தொடை கருகுது, மூக்குமா அடைச்சுக்கிச்சு?"

தங்கை ஐலா. கை நிறைய மெழுகுவர்த்திகளோடு வந்து நின்றாள்.

"ஒய்வாவோட போன்..." அவர் திரையைக் கவிழ்த்து வைத்தார். "அது யார்கிட்ட இருக்கு?"

"தொலைஞ்சு போச்சுன்னு நீதானே சொன்னே? கிளம்பு, கல்லறைக்கு நேரமாச்சு."

பனி விழாத ஆண்டு அது. கல்லறைத் தோட்டமெங்கும் நூற்றுக்கணக்கான சுடர்கள் ஈர மண்ணில் நடுங்கின. உருகும் மெழுகு, நனைந்த ஊசியிலை, குழந்தைகளின் கம்பளிக் கோட்டு வாசனை. தெரிந்தவர்கள் எல்யாஸைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்கள். கேப்டனின் மூத்த மகன் முதுகை நிமிர்த்திப் பதிலுக்குத் தலையசைத்தார். ஒய்வாவின் கல்லறை வேலியோரம், ஊசியிலை மரங்களுக்குப் பின்னால் இருந்தது. ஐலா குனிந்து இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றினாள்.

"ஒய்வா, பாருடா உங்கண்ணனை. உன்னைப் பாக்கவும் டை கட்டிக்கிட்டுதான் வந்திருக்காரு."

சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். சாப்பாடு ஆறிப்போகும், சீக்கிரம் வா என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வீடு திரும்பினார்கள். வாயிற்கதவு கடைசியாக ஒருமுறை கிறீச்சிட்டது.

ஐந்தேகால். போனை எடுத்தார். மூன்று கோப்புகள்.

மூன்றாவதில் ஒரு பெண்குரல் மண் வழியே அமுங்கி, தடித்து வந்தது. 'பாருடா உங்கண்ணனை.' சிரிப்பு. பிறகு, அந்தக் குரலைவிட மிக அருகில், மரத்தை நகம் கீறும் சத்தம்.

ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் ஆறு மணிக்கு முகவரி போய்விடும். இன்னும் நாற்பது நிமிடத்தில் ஒரு பெண் எங்கோ தன் வீட்டில் அதைத் தொடுவாள். அப்பாவின் குரல் வரும். நாளை துறைமுகத்தில் அந்தச் சிலைக்கு முன்னால் ஊர் நிற்கும். கடையை மூட ஒரே வழிதான் உண்டு.

தண்ணீர்க் குழாயருகே தோட்டக்காரரின் மண்வெட்டி சாய்ந்திருந்தது.

எழுபத்தாறு வயது. டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார். முதல் வெட்டு. மண் எளிதாக இளகியது. மிக எளிதாக. யாரோ அடியிலிருந்து தளர்த்திக் கொடுத்ததுபோல. கணுக்கால். முழங்கால். மூச்சு வெண்புகையாக எழுந்தது. மெழுகுவர்த்தி ஒன்று கவிழ்ந்து அணைந்தது.

ஐந்து ஐம்பத்தேழு. இன்னும் பெட்டியின் மரம் தட்டுப்படவில்லை.

மண் ஒட்டிய விரலால் பக்கத்தைப் புதுப்பித்தார்.

நான்கு கோப்புகள். நான்காவது ஒரு படம்.

மறைவலையின் மந்தம். படம் மேலிருந்து கீழாக, கீற்றுக் கீற்றாக இறங்கியது. முதலில் கருப்பு. மறுபடி கருப்பு. பிறகு ஊசியிலைக் கிளை, வானத்தில் நிற்பதுபோல. மெழுகுவர்த்தி, ஒன்றுதான். மண்வெட்டியின் விளிம்பு. தோளுக்குப் பின்னால் தள்ளிய டை. கீழ்நோக்கிக் குனிந்த ஒரு முகம், வாய் திறந்தபடி.

அவருடைய முகம்தான்.

படம் கீழிருந்து எடுக்கப்பட்டிருந்தது. நடுவில் மண்ணே இல்லை.

தேவாலய மணி ஆறு அடிக்கத் தொடங்கியது. 'அப்பா'வுக்குக் கீழே, ஊர் திறந்து பார்க்கும் அதே பக்கத்தில், தம்பியின் குழியைத் தோண்டும் அண்ணன் இருந்தார். ஐந்தாவது கோப்பு வந்தது. ஆறாவது.

அவர் காலை எடுக்க முயன்றார். கால் வரவில்லை.

காலணிக்கு நேர் அடியில், மண்ணுக்குள், நீலமாக ஒரு வெளிச்சம் கசிந்தது. கூடவே, படம் எடுக்கும் அந்தச் சின்னச் சத்தம்.

க்ளிக்.