நாலாவது போர்ட்

கேபிள் எதுவும் மாட்டாத போர்ட்டில் சிக்னல் வராது. டிஷ் மெக்கானிக்காகப் பதினோரு வருஷம் ஊரார் மொட்டை மாடிகளில் வெயிலில் காய்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான், கீழே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி போனில் "நாலாவதுல தொண்ணூத்தாறு காட்டுதுங்க" என்றபோது அவன் சிரித்தான்.

"நாலாவதுல ஒண்ணுமே மாட்டலம்மா. மூணாவதைப் பார்த்துட்டுச் சொல்ற."

"எனக்கு எண்ணத் தெரியாதா? நாலாவதுதான். தொண்ணூத்தாறு."

அவளுக்கு எட்டாவது மாதம். முதல் இரண்டும் ஐந்து மாதம் தாண்டவில்லை. இந்தத் தடவை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கட்டிலை விட்டால் பாத்ரூம், ஹால், அவ்வளவுதான், படிக்கட்டு பக்கமே போகக்கூடாது. சுவரைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஊருக்கெல்லாம் தட்டு மாட்டுகிறவன் வீட்டில் உருப்படியாக நாலு சேனல் தெரியவில்லை என்றால் வெட்கக்கேடு அல்லவா? ஒரே தட்டில் மூன்று சாட்டிலைட்டையும் இழுத்துக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தான். சாமான்களை அவனே பொறுக்கினான். வானத்துச் சிக்னலை வாங்கும் எல்.என்.பி. மூன்று, எல்லாம் தண்ணீர் புகாத ரகம். கேபிள் செம்புக் கம்பிதான் வேண்டும் என்று நகத்தால் சுரண்டிப் பார்த்து வாங்கினான். மூன்றையும் ஒரே கேபிளில் சேர்க்கும் ஸ்விட்சுக்காக மட்டும் கடைக்காரரின் பிராணனை அரை மணி நேரம் வாங்கினான். மூன்று போர்ட் ஸ்விட்ச் என்று ஒன்று வருவதில்லை. இரண்டு, இல்லாவிட்டால் நாலு. நாலை வாங்கி ஒன்றைச் சும்மா விடவேண்டியதுதான்.

"சும்மா கிடக்கறதுக்கு முதல்ல மூடியைப் போட்டுடுங்க," என்று கடைக்காரர் ஒரு ரப்பர் மூடியைக் கொடுத்திருந்தார். இந்த வேலையில் யார் முதலில் மூடி போடுகிறார்கள்? எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் போடுவதுதான் பழக்கம். மூடி சட்டைப் பையில் கிடந்தது.

இப்போது மாடியில் ஒரு சாக்கை நனைத்து மூன்று எல்.என்.பி.யையும் மூடினான். எது எங்கிருந்து வாங்குகிறது என்று பிரித்துப் பார்க்க எல்லா மெக்கானிக்கும் செய்கிற வேலைதான் அது. ஈரச்சாக்கைத் தாண்டிச் சிக்னல் நுழையாது. கீழே அவள் ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் படித்தாள்.

"ஒண்ணு, பூஜ்யம். ரெண்டு, பூஜ்யம். மூணு, பூஜ்யம். நாலு... தொண்ணூத்தாறு."

மூன்று எல்.என்.பி. கேபிளையும் ஸ்விட்சிலிருந்து கழற்றிவிட்டான். கீழே டிவி ரிசீவருக்குப் போகும் ஒரே கேபிள் மட்டும்தான் மிச்சம்.

"இப்ப?"

"தொண்ணூத்தாறு."

மாலை ஐந்து மணிதான் ஆகியிருந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மாடிக் கொடியில் துணிகள் அசையாமல் தொங்கின, காற்று நின்றுபோயிருந்தது, எங்கிருந்தோ மருத்துவமனை வராந்தாவில் அடிக்கிற மருந்து நெடி வந்தது; நடு மாடியில், நல்ல வெளிச்சத்தில், தட்டின் முன்னால் அவன் குந்தியிருந்தான். அவனுக்குப் பயமாக இருந்தது. ஒரு டப்பாவைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"ஏம்மா, அதுல சேனல் ஏதாச்சும் வருதா, தேடிப் பாரு."

அவள் ரிமோட்டை அமுக்கித் தேடினாள். பிறகு, "ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு. பேர் இல்ல. படமும் இல்ல, கறுப்பா இருக்கு. சத்தம் மட்டும் வருதுங்க."

"என்ன சத்தம்?"

அவள் போனை டிவி பக்கம் நீட்டியிருக்க வேண்டும். டப்டப் டப்டப் டப்டப் என்று, தண்ணீருக்கடியில் குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அதை அவன் மூன்று முறை கேட்டிருக்கிறான். ஸ்கேன் அறையில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு.

"நம்ம பாப்பா சத்தம்ங்க," என்றாள். அவளுக்குப் பயமே இல்லை. அவள் குரலில் சந்தோஷம்தான் இருந்தது.

சட்டைப் பையிலிருந்து மூடியை எடுத்து நாலாவது போர்ட்டில் அழுத்தினான். யோசிக்கவில்லை. கோளாறு என்றால் அடைப்பது, கழற்றுவது. கைக்குத் தெரிந்தது அதுதான்.

"ஏங்க, என்ன பண்ணீங்க? முப்பதுக்கு இறங்கிடுச்சு. சத்தம் மெதுவா..." அவள் நிறுத்தினாள். "பாப்பா அசையலங்க. இப்பதான் உதைச்சுது. இப்ப அசையவே இல்ல."

மூடியைப் பிய்த்து எறிந்தான்.

"இப்ப எவ்வளவு? சொல்லும்மா."

"அறுபத்தொண்ணு."

"அப்புறம்?"

"அறுபத்தொண்ணுதான். ஏறல."

முதல் துளி அவன் பின்கழுத்தில் விழுந்தது. மேகம் எப்போது கூடியது என்று தெரியவில்லை. மழையில் சிக்னல் இறங்கும். சாட்டிலைட் டிவி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

"ஐம்பத்திநாலு," என்றாள். "நாப்பத்தொம்போது."

மழை தட்டின் மேல் தடதடவென்று இறங்கியது. திறந்த போர்ட்டில் தண்ணீர் போகக்கூடாது என்று அவன் கட்டைவிரல் தானாகப் போய் அதன் வாயை மூடியது.

"தொண்ணூத்தாறு! ஐயோ, உதைக்குதுங்க! நல்லா உதைக்குது!"

அவனுக்கு அழுகை வந்தது. அப்படியே குனிந்து ஸ்விட்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். முதுகில் மழை அறைந்தது. விரலுக்கடியில் போர்ட் வெதுவெதுப்பாக இருந்தது. டப்டப். டப்டப். அது அவன் நாடியில்லை. அவன் நாடி இவ்வளவு வேகமாக ஓடாது.

"ஏங்க." குரல் மாறியிருந்தது. "வலிக்குதுங்க."

"எங்க?"

"இடுப்புல. தண்ணி... தண்ணி போகுதுங்க. கீழ வாங்க."

விரலை ஒரு நூல் தூக்கினான்.

"நாப்பது," என்று அவள் முனகினாள். "அசையல."

அழுத்தினான். எண்பது. அடுத்த வீட்டைக் கூப்பிடலாம். அதற்கு இந்த அழைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டித்தால் எண் தெரியாது. கத்தினான். மழை அவன் சத்தத்தை விழுங்கியது.

"நம்பரை விடுங்க. எனக்கு நீங்க வேணும். வாங்க."

"ஒரு நிமிஷம்மா. ஒரே நிமிஷம். எவ்வளவு, சொல்லு."

"எழுபது."

அழுத்தினான்.

"ஐம்பது."

விரல் நகம் வெளுக்கும்வரை அழுத்தினான்.

"பத்து."

மழை.

"பூஜ்யம்," என்றாள். ரொம்ப மெதுவாக. "சத்தம் நின்னுடுச்சுங்க."

இனி இங்கே என்ன வேலை? அவளிடம் போகவேண்டும். ஓடவேண்டும். எழுந்தான். கையை இழுத்தான்.

வரவில்லை.

நாலாவது போர்ட்டுக்குள்ளிருந்து, வழவழவென்று, சூடாக, ரொம்பச் சின்னதாக ஒன்று அவன் கட்டைவிரலைச் சுற்றி மடங்கியிருந்தது. இன்னொரு முறை இழுத்தான். அது இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.