சாயர்புரம் வீட்ல இருக்கிறது நான் இல்ல

என் பேரு ஜெஸ்வின். வயசு இருபத்தொன்னு. செத்துப்போன இன்பராஜ் மகன். நான் இப்ப கொழும்புல, கொட்டாஞ்சேனையில, மிஷன் எடுத்துக் குடுத்த மாடி ரூம்ல இருக்கேன். எங்க ஊரு சாயர்புரத்துல இல்ல. நேத்து காலையில எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, எங்க அம்மா கையப் பிடிச்சவன் நான் இல்ல.

போன்ல பேசித்தான் டைப் பண்ணுதேன். எழுத்து தப்பா விழுந்தா விட்டுருங்க. குடும்ப குரூப்ல இருந்து என்ன எடுத்துட்டாங்க. என் போன யாரோ திருடிட்டு விளையாடுதான்னு நெனச்சுட்டாங்க. அதான் போன்ல இருக்கிற எல்லா நம்பருக்கும் இத அனுப்புதேன்.

எங்க மிஷன்ல ஒரு சட்டம் உண்டு. ரெண்டு ரெண்டு பேராத்தான் இருக்கணும். ஒத்தையில தெருவுல இறங்கக்கூடாது. கடைக்குப் போனாலும் ரெண்டு பேர், ஒரு வீட்ல போயி ஜெபம் பண்ணுனாலும் ரெண்டு பேர். பொம்பளைங்க கூட தனியாப் போறது சுத்தமா கூடாது. ரெண்டு வருஷம் ஊருக்கும் போக முடியாது. பாஸ்போர்ட்ட மிஷன் ஆபீஸ்ல வாங்கி வச்சுக்கிடுவாங்க. கிறிஸ்மஸுக்கு மட்டும் வீட்டுக்கு வீடியோ கால் பேசிக்கலாம்.

என் ஜோடி சுகிர்தன், மட்டக்களப்புக்காரன். கிறிஸ்மஸுக்கு மொத நாள் மத்தியானம் அவனுக்கு டெங்குன்னு சொல்லி மிஷன் வேன்ல தூக்கிட்டுப் போயிட்டாங்க. நானும் ஏறப் போனேன். டிரைவர் வேண்டாம்னுட்டாரு.

"மச்சான், என்ட கட்டில்ல ஈரத் துணி போடாத. வந்து படுக்கோணும்"னு சிரிச்சுக்கிட்டே போனான்.

மிஷன் பொறுப்பாளர் அய்யாவுக்கு போன் பண்ணி, இங்க நான் ஒத்தையில இருக்கேனே, யாரையாவது அனுப்புங்கன்னு கேட்டேன்.

"பண்டிகை நேரத்துல யாரப்பா வருவாங்க? ஜெபத்துல இரு. வெளிய மட்டும் போயிராத. ஆள் வரும்"னாரு.

கிறிஸ்மஸ் காலையில லூசியா கோயில் மணி அடிச்சுது. தெருவெல்லாம் வெடி. கீழ் வீட்ல கேக் வாசம். நான் கட்டில்ல உக்காந்து செவத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன். நம்மூர்ல இந்நேரம் சர்ச் விட்டு வந்து, என் தங்கச்சி பெனிட்டா புதுச் சட்டையில வீடு வீடா பலகாரம் குடுத்துக்கிட்டு இருப்பா. ஆண்டவரே உமக்காகத்தான் வந்தேன், ஒரு வாய் சோறு போட ஆள் இல்லையேன்னு வாய்விட்டே சொன்னேன்.

வெள்ளவத்தையில சிவானந்தன் அண்ணை வீட்ல அன்னைக்கு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க, சிவனக் கும்பிடுறவங்க. அவங்க பிள்ளைங்களுக்கு நாங்க இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கோம். போனா என்னன்னு தோணிச்சு. சட்டைய மாட்டிக்கிட்டு ஒத்தையில படியிறங்கிட்டேன்.

படி எறங்கும்போதே ஒரு வாசம். தைலமும், ரொம்ப நாள் துவைக்காத போர்வையும் சேந்த மாதிரி. என் சட்டைதான் நாறுதுன்னு நெனச்சேன்.

பஸ்ல கூட்டம் இல்ல. கண்டக்டர் வந்து, எத்தன பேருன்னு சிங்களத்துல கேட்டாரு. ஒரு வெரலக் காட்டுனேன்.

அவரு என் பக்கத்து சீட்டப் பாத்தாரு. "தென்னெக்னே மல்லி"ன்னாரு. ரெண்டு பேர்லா இருக்கீங்கன்னு.

பக்கத்து சீட்டுல யாரும் இல்ல.

கிண்டல் பண்ணுதாருன்னு நெனச்சு ரெண்டு டிக்கெட்டுக்கும் காசு குடுத்துட்டேன். பண்டிகை நாள்ல சண்ட எதுக்கு.

வெள்ளவத்தையில அண்ணையோட வீட்டுக்காரி ஜெகதீஸ்வரி அக்காதான் கதவத் திறந்தாங்க. "வாங்கோ தம்பிமார், வாங்கோ. நத்தார் வாழ்த்துகள்"னாங்க. கிறிஸ்மஸ இங்க நத்தார்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்கு எங்க ரெண்டு பேரையும் சேத்துக் கூப்பிட்டே பழக்கம். நானும் பெருசா எடுத்துக்கல. மேசையில ரெண்டு தட்டு இருந்துச்சு.

சிவானந்தன் அண்ணை கறிய அள்ளிப் போட்டுக்கிட்டே கேலி பண்ணுனாரு. "எப்ப பாத்தாலும் சோடியாத்தான் திரியிறியள். நாளைக்குப் பொம்பிளை பாக்கவும் சோடியாத்தான் போவியளோ?"

நானும் சிரிச்சேன். ரொம்ப நாள் கழிச்சு வயிறு நெறய சாப்பிட்டேன்.

அக்கா மட்டும் என் பக்கத்து நாற்காலியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "இவர் ஒண்டும் தொடேல்லையே. உறைப்புக் கூடிப்போச்சோ?"

"யாருக்கா?"

"சுகிர்தன்தான்."

"சுகிர்தன் ஆஸ்பத்திரியில இருக்கான்க்கா. டெங்கு. நான் ஒத்தையிலதான் வந்தேன்."

அண்ணை கையில கரண்டி அப்படியே நின்னுச்சு.

அக்கா மெதுவா கேட்டாங்க. "அப்ப இவர் ஆர்?"

நான் திரும்பிப் பாத்தேன். காலி நாற்காலி. ஆனா மேசையில ஒட்டிப் போட்டிருந்த நாற்காலி, ஒரு ஆள் உக்காந்தா எவ்வளவு தள்ளி இருக்குமோ அவ்வளவு தள்ளி இருந்துச்சு.

அந்த தைல வாசம் சோத்து மேலயே வந்துச்சு.

"முகம் சரியாத் தெரியேல்ல தம்பி. சன்னல் வெளிச்சத்தில அப்பிடித் தெரியுதாக்கும் எண்டு நினைச்சன்"னு அக்கா சொன்னாங்க. சாமி அறைக்குப் போயி திருநீறு எடுத்துட்டு வந்தாங்க. "ஒருக்காப் பூசிக்கொண்டு போங்கோ. உங்கட அம்மாவா நினைச்சுக்கொள்ளுங்கோ."

நான் வேண்டாம்னுட்டேன். நாலு பேருக்கு இயேசுவச் சொல்ல வந்தவன் எப்படிப் பூசுவேன்? அவங்க முகம் சுருங்கிப் போச்சு. கைய அப்படியே மடக்கிக்கிட்டாங்க.

வெளிய வந்து ரயில் பாதையத் தாண்டி கடற்கரையில நின்னேன். வெயில் கொளுத்துது. சுத்தி ஆளுங்க, பலூன், ஐஸ்கிரீம். அங்க நின்னாதான் பயம் இல்லாம இருந்துச்சு. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். மனசு விட்டு அழுதிரணும்னுதான் போட்டேன்.

அம்மா என்னப் பாக்கவே இல்ல.

"பக்கத்துல யாருல? சுகிர்தனா? என்னல இப்படி எலும்பும் தோலுமா இருக்கான்?"

போன்ல ஓரத்துல என் படம் சின்னதாத் தெரியும்லா, அதப் பாத்தேன். நானும் கடலும்தான் இருந்தோம்.

"யாரும் இல்லம்மா. போன வைங்க."

"இரு, நீ சும்மா இரு. ஏம்ப்பா அழுத? அம்மா ஞாபகம் வந்துட்டா? காய்ச்சலா? கண்ணெல்லாம் செவந்து கெடக்கு." அம்மா போன முகத்துக்கிட்ட கொண்டு வந்தாங்க. "எல்லாம் சரியாப் போயிரும்ப்பா. நீயும் எனக்கு ஒரு புள்ளதான். ஜெஸ்வினையும் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வா. நான் இருக்கேன்."

"கூப்பிடாதீங்கம்மா."

லைன் கட்டாயிட்டு.

திரும்பி வரும்போது பஸ்ல ஒரு டிக்கெட்தான் கிழிச்சாங்க. தைல வாசமும் இல்ல. எனக்கு அப்ப நிம்மதியா இருந்துச்சு.

கீழ் வீட்ல புளோறன்ஸ் ஆன்ட்டி வாசல்ல நின்னாங்க. வீட்டுக்காரங்க அவங்கதான். நான் ஒத்தையில வாரதப் பாத்து, "தனியப் போனனீங்களோ?"ன்னு கேட்டாங்க. நடந்தத எல்லாம் சொன்னேன். அவங்க சிலுவை போட்டுக்கிட்டாங்க.

"முந்தியும் உங்கட மிஷன் ஆக்கள் ஒரு பொடியன இப்பிடித்தான் மேல தனிய விட்டவை. நத்தார் நேரம்தான். நல்ல காய்ச்சல். நான் தைலம் பூசி விட்டனான். வா மகன், ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டு கையப் பிடிச்சுக் கூப்பிட்டனான். இல்ல ஆன்ட்டி, தனியப் போகேலாது, பொம்பிளையளோடயும் போகேலாது, ஆள் வரும் எண்டான். கேக்க கேக்க அதேதான் சொன்னான். ஆள் வரும், இருங்கோ. ஆள் வரும், இருங்கோ."

"வந்தாங்களா?"

"வந்தவை. சவப்பெட்டியோட."

"அவன் பேரு என்ன ஆன்ட்டி?"

ஆன்ட்டி ரொம்ப நேரம் யோசிச்சாங்க. ஞாபகம் வரல. அதுக்காக அழுதாங்க.

நான் மேல வந்து படுத்தேன். ரூம்ல ஒரு சத்தம் இல்ல, ஒரு வாசம் இல்ல. போயிட்டான்னு நல்லா தெரிஞ்சுது. எங்க போயிட்டான்னு யோசிக்கல.

மறுநாள் காலையில குடும்ப குரூப்ல பெனிட்டா போட்டிருந்தா.

"அண்ணன் வந்துட்டான். சொல்லாம கொள்ளாம வந்து நிக்கான். கூட ஒரு அண்ணனும் வந்திருக்காங்க. அம்மா அழுதுக்கிட்டே இருக்காங்க. ரெண்டு பேரும் ஒன்னும் பேச மாட்டேங்காங்க."

ரெண்டு பேர்.

அவன் ஒத்தையில போக மாட்டான். சட்டம் அப்படி. அம்மா சொன்ன மாதிரியே, என் உருவத்துல ஒன்ன கூட்டிக்கிட்டுப் போயிருக்கான்.

நான் கொழும்புலதான் இருக்கேன்னு குரூப்ல போட்டேன். இந்த ரூம்ல நின்னு போட்டோ எடுத்து அனுப்புனேன். பழைய போட்டோன்னுட்டா பெனிட்டா. சித்தப்பா போலீஸ்ல சொல்லிருவேன்னு என்னையே மெரட்டுனாரு. அம்மாவுக்கு போன் போட்டா எடுக்கல. மிஷன் ஆபீஸ் புது வருஷம் வரைக்கும் பூட்டு. பொறுப்பாளர் அய்யாகிட்ட பாஸ்போர்ட் கேட்டேன். இது சோதனை தம்பி, உபவாசம் இருன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு.

என்ன குரூப்ல இருந்து எடுக்கிறதுக்கு முன்னாடி இன்னைக்கு பெனிட்டா கடைசியா போட்டது இது.

"அம்மாவுக்கு நேத்து அண்ணன் கையப் பிடிச்சதுல இருந்து குளிர் காய்ச்சல். கண்ணு செவந்துட்டு. ஆட்டோ கூப்பிடுதேன்னா அண்ணன் விட மாட்டேங்கான். இப்பதான் மொத மொத பேசுனான். ஆள் வரும், இருங்கன்னு சொல்லுதான்."

கொஞ்சம் முன்னாடி மறுபடியும் அம்மா நம்பருக்குப் போட்டேன். எடுத்துட்டாங்க. நான் அம்மா அம்மான்னு கத்துனேன். அந்தப் பக்கம் மூச்சு வாங்குற சத்தம். தூரத்துல பெனிட்டா யாரு போன்லன்னு கேக்குதா.

"யாரும் இல்ல"ன்னு பதில் வந்துச்சு.

என் குரல்.

இத வாசிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி. சாயர்புரத்துக்குப் பக்கத்துல இருந்தா எங்க வீட்டுக்குப் போங்க. வாசல்ல நான் நின்னு வேண்டாம்னு சொன்னாலும் தள்ளிக்கிட்டு உள்ள போங்க. எங்க அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க.