மீன் படம் போட்ட கேன்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், செல்லங்களா. மின்விசிறிச் சத்தத்தில் என் குரல் அமுங்கிப் போகிறது. இன்றைக்கு உங்களுக்கென்று ஒரு கதை எடுத்து வைத்திருக்கிறேன். கொலை இல்லை, கொள்ளை இல்லை. ஆனால் யாரை நம்புவதென்று தெரியாமல் ஒரு தொழிற்கூடமே ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த கதை. நடுவில் எழுந்து போகாதீர்கள். சின்னச் சின்ன விஷயமாகச் சொல்லிக்கொண்டு வருவேன். விடை அதற்குள்தான் இருக்கிறது.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் அழகிரி என்று ஒருவர். கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. எதையும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் தடவை பார்ப்பார். அவருடைய சிநேகிதர் டோமினிக் அதற்கு நேர் எதிர். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காத ஆளை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்பார். பாதி நாள் டிக்கெட் எடுத்தவரைத்தான் பிடித்திருப்பார்.

ஆயுத பூஜை முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, டோமினிக் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். பெயர் இர்பானா. முப்பது வயதிருக்கும். வருடக்கணக்காக அவர் பஸ்ஸில் வேலைக்குப் போனவள். உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே இருந்தாள்.

காட்டூரில், தஞ்சாவூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தரை கழுவும் திரவங்கள் தயாரிக்கும் சிறிய கம்பெனியில் அவளுக்கு வேலை. அங்கே இரண்டு சரக்கு. ஒன்று ஆசிட், இன்னொன்று ப்ளீச்சிங் திரவம். இரண்டும் ஒரே மாதிரி நீலக் கேன்களில் வரும். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் விஷவாயு. முந்தின நாள் திங்கட்கிழமை, பாதி நிரம்பிய ப்ளீச்சிங் தொட்டியில் இர்பானா ஒரு கேனைச் சாய்த்தாள். மஞ்சளாகப் புகை எழுந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற லிசி மயங்கி விழுந்தாள். உயிர் பிழைத்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

"கேன்ல என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டார் அழகிரி.

"இங்கிலீஷ் எனக்கு வராதுங்கய்யா. நாங்க படத்தை வச்சுத்தான் எடுப்போம். சிவப்புக் கட்டத்துக்குள்ள செத்த மீனும் மரமும் போட்டிருந்தா ப்ளீச்சிங். ஆச்சரியக்குறி போட்டிருந்தா ஆசிட். நான் எடுத்தது மீன் கேன்தான். அல்லாஹ் மேல ஆணையா மீன் கேன்தான். ஆனா எல்லாரும் வெளியே ஓடிட்டுத் திரும்பி வந்து பார்த்தப்ப அதுல ஆச்சரியக்குறி இருக்கு."

விவகாரம் அதோடு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்கும் லிசிக்கும் யார் மூட்டை தூக்குவது என்று வாய்த்தகராறு. ஆகவே வேண்டுமென்றே செய்தாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. முதலாளி தர்மராஜ் புகார் எழுதி வைத்துவிட்டார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு அதைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கப் போகிறார்.

"வேலை போனா போகட்டுங்கய்யா," என்றாள் இர்பானா. "லிசிக்காவைக் கொல்லப் பார்த்தேன்னு சொல்றாங்களே. அதோட நான் எப்படித் தெருவுல நடக்கறது?"

அழகிரி சட்டையை மாட்டிக்கொண்டார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, காட்டூர் பஸ்ஸில் போகும்போது டோமினிக் காதோடு காதாகச் சொன்னார், முதலாளிதான் குற்றவாளி என்று. காரணம் கேட்டதற்கு, அவரை ஒருமுறை பஸ்ஸில் பார்த்திருக்கிறேன், மீசை சரியில்லை என்றார்.

கம்பெனியில் தர்மராஜ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தார். சூப்பர்வைசர் பிரவீன்ராஜ் மரியாதையாகப் பேசினான். நாற்பது வயது, படிய வாரிய தலை, கையில் எப்போதும் ஒரு துணி. அறை முழுவதும் நெடி. வேலை செய்பவர்கள் எல்லோரும் முகமூடியோடு இருந்தார்கள். வாசனையை வைத்துக் கேனை அடையாளம் காண அங்கே வழியில்லை என்பதை அழகிரி மனதில் குறித்துக்கொண்டார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லாவற்றையும் கழுவியிருந்தார்கள். தராசு, தொட்டி, கேன் எதுவும் பாக்கியில்லை. காகித லேபிள்கள் தண்ணீரில் உரிந்து போயின. ஒவ்வொரு வருடமும் அப்படித்தானாம். அன்று சாயங்காலமே பிரவீன்ராஜ் தனியாக உட்கார்ந்து புது லேபிள் ஒட்டினான். மறுநாள் பூஜையில் லிசி ஒவ்வொரு லேபிளின் நடுவிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். தர்மராஜின் மனைவி மஞ்சளிலிருந்து வீட்டிலேயே செய்த குங்குமம். பூஜை முடிந்ததும் அந்தக் குங்குமச் சிமிழை அந்த அம்மாள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

"நீங்க கேக்க வர்றது எனக்குப் புரியுது சார்," என்றான் பிரவீன்ராஜ். "நான் தப்பா ஒட்டிட்டு அப்புறம் மாத்திட்டேனோன்னு. வந்து பாருங்க."

விபத்துக் கேன் தனியாக வைக்கப்பட்டிருந்தது. ஆசிட் லேபிள், ஆச்சரியக்குறி, நடுவில் சந்தனப் பொட்டு, அதன்மேல் சிவப்புக் குங்குமம்.

"பூஜை அன்னிக்கு வச்ச பொட்டு லேபிள் மேலயே இருக்கு பாருங்க. நேத்து நான் மாத்தியிருந்தா பொட்டு எங்கேருந்து வரும்?"

டோமினிக்கின் முகம் விழுந்துவிட்டது. இர்பானாவைத் திரும்பி ஒரு மாதிரி பார்த்தார். அவள் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அழகிரி கண்ணாடியைத் துடைத்தார். சுவரோரம் இருந்த மற்ற நான்கு ஆசிட் கேன்களையும், எதிரே இருந்த ப்ளீச்சிங் கேன்களையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பிரவீன்ராஜின் மேஜைக்கு மேலே சாமி படம். அதன் முன் ஒரு முழு எலுமிச்சம்பழம், சந்தனக் கிண்ணம், கடையில் வாங்கிய குங்குமப் பாக்கெட் ஒன்று. அதையும் பார்த்தார். பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நாலு மணிக்கு வருவதாகவும், எல்லோரும் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

லிசிக்குத் தொண்டை கம்மியிருந்தது. இர்பானாவைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டதற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அப்படிச் செய்யமாட்டாள் என்றாள். ஆனால் கேனைச் சாய்த்தது அவள்தானே என்றும் சொன்னாள். இரண்டுக்கும் நடுவில் அவள் மனது கிடந்து தவித்தது. வெள்ளிக்கிழமை சண்டைக்கு முன்பு என்ன பேசிக்கொண்டீர்கள் என்று அழகிரி மெதுவாகக் கேட்டார். லிசிக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம் சார். நான் வச்ச பொட்டுல ஒரு மீன் கேன் பொட்டு மட்டும் ரெண்டே நாள்ல மஞ்சளாயிடுச்சு. மீனுக்குக் காமாலை வந்துடுச்சு, கீழாநெல்லி அரைச்சு ஊத்துடின்னு இவகிட்ட சொன்னேன்."

அழகிரி எழுந்தார். "இது போதும்மா," என்றார். வெளியே வந்ததும் டோமினிக், "காமாலைக்கும் கேசுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்டார். நாலு மணி வரை அவருக்குப் பதில் கிடைக்கவில்லை.

நாலு மணிக்குக் கேன்களைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். தர்மராஜ் கையில் புகார்க் காகிதம். இர்பானா கதவோரம். பிரவீன்ராஜ் துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அழகிரி முதலில் நான்கு ஆசிட் கேன்களைக் காட்டினார். நான்கிலும் பொட்டு மஞ்சள். அடுத்து ப்ளீச்சிங் கேன்களைக் காட்டினார். எல்லாவற்றிலும் பொட்டு வெளுத்திருந்தது. கடைசியாக விபத்துக் கேன். பொட்டு ரத்தச் சிவப்பு.

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தாத்தான் வீட்டுக் குங்குமம் சிவக்கும்," என்றார். "மூடி வழியாக் கசியற ஆசிட் நெடி பட்டா மறுபடி மஞ்சளாயிடும். ப்ளீச்சிங் நெடி பட்டா வெளுத்துடும். லேபிள் பொய் சொல்லலாம். பொட்டு, உள்ளே இருக்கறதைத்தான் சொல்லும். லிசி பார்த்த மீன் கேன்ல பொட்டு மஞ்சளாச்சு. அப்படின்னா அந்த மீன் கேனுக்குள்ள என்ன இருந்தது?"

டோமினிக்கின் உதடு மட்டும் 'ஆசிட்' என்று அசைந்தது.

"இந்தக் கேன்லயும் ஆசிட்தான். ஆறு நாளா ஆசிட் மேல உட்கார்ந்த பொட்டு எப்படிச் சிவப்பா இருக்கும்?"

புதிதாக ஈரம் பட்டிருக்கும், மூடி இறுக்கமாக இருந்திருக்கும் என்று பிரவீன்ராஜ் என்னென்னவோ சொன்னான். அழகிரி சாமி படத்தின் முன்னிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து இரண்டாக நறுக்கச் சொன்னார். நெடி எட்டாத வாசல் நிலையில் பூஜை அன்று வைத்த பொட்டு இருந்தது. அதில் ஒரு சொட்டு விட்டார். எல்லோர் கண்ணெதிரிலும் சிவப்பு கரைந்து மஞ்சளாயிற்று. அடுத்த சொட்டு விபத்துக் கேனின் பொட்டில். அது அசையவே இல்லை. சாறு வழிந்தது, சிவப்பு அப்படியே நின்றது.

"இது கடையில விக்கிற சாயக் குங்குமம். பூஜைக்கு வச்சது இல்லை. சிமிழ் அன்னிக்கே வீட்டுக்குப் போயிடுச்சு. இந்தக் கூடத்துல சாயக் குங்குமம் ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு." பாக்கெட்டை எடுத்து, அதிலிருந்து ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் வைத்து, அதன்மேலும் ஒரு சொட்டு விட்டார். அதுவும் மாறவில்லை.

பிரவீன்ராஜின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

சரக்கு வாங்கும் கம்பெனி ஆட்கள் பார்வையிட வருவதாக இருந்ததாம். அவசரத்தில் ஒட்டியபோது ஒரு ஆசிட் கேனில் மீன் லேபிள் போய்விட்டது. புகை வந்ததும் எல்லோரும் லிசியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பழைய லேபிளை உரித்து, சரியானதை ஒட்டி, மற்றவற்றில் பொட்டு இருக்கிறதே என்று இதற்கும் வைத்தான்.

"ஒட்டினது தப்பாப் போச்சு சார்," என்றான் தரையைப் பார்த்து. "மாத்தினது பயத்துல."

"முதல்ல செஞ்சது தவறு தம்பி. ரெண்டாவது செஞ்சது பாவம். ஒரு பொண்ணோட பேரையே உரிச்சு எடுத்துட்டே."

தர்மராஜ் சூப்பர்வைசர் மீது பாய ஆரம்பித்தார். அழகிரி கையை உயர்த்தினார். "தண்ணி பட்டா உரியற காகிதத்துல ஆபத்தை எழுதி வச்சது யாருங்க? வருஷா வருஷம் உரியுதுன்னு உங்களுக்குத் தெரியும். அந்தப் புகாரை எழுதறதா இருந்தா உங்க பேரையும் சேர்த்து எழுதுங்க."

தர்மராஜ் அந்தக் காகிதத்தை மேஜைமேல் விரித்தார். பிறகு இர்பானாவின் பெயரை அடித்துவிட்டு, நடந்தது நடந்தபடி எழுதினார். கடைசி வரியில் அவர் பெயரும் இருந்தது.

இர்பானா அழவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டோமினிக் கூடவே போய், ஒரு மாதிரி பார்த்ததற்கு வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டார். அவளைக் கண்டதும் லிசி இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. கட்டிலில் இடம் ஒதுக்கினாள்.

இப்போது அங்கே தண்ணீரில் உரியாத லேபிள்கள். படத்துக்குக் கீழே தமிழிலும் எழுத்து. ஒட்டுவது இர்பானா, ஒட்டிய பிறகு மூடி திறந்து, வீட்டுக் குங்குமம் தடவிய காகிதத்தைக் காட்டிச் சரிபார்ப்பது லிசி. அடுத்த பூஜைக்குப் பொட்டு லேபிளில் இல்லாமல் மூடியின்மேல் வைப்பதென்றும் பேசி முடித்துவிட்டார்கள். ஒவ்வொரு கேனும் நகரும்போது லிசி கேட்பாள்: "மீன் சௌக்கியமாடி?"

"காமாலை இல்லைக்கா," என்பாள் இர்பானா.

அவ்வளவுதான் கண்ணுகளா, கதை. எழுந்து போகும்போது உங்கள் அடுக்களை அலமாரியையும் ஒரு பார்வை பாருங்கள். உங்கள் வீட்டில் ஒவ்வொரு பாட்டிலும் தனக்குள் இருப்பதைத்தான் வெளியிலும் சொல்லட்டும். வேலைக்குப் போகிறவர்கள் போனபோது இருந்த மூச்சோடு திரும்பி வரட்டும். செய்யாத தப்புக்கு உங்கள் வாசலில் யாரும் தலைகுனிந்து நிற்காமல் இருக்கட்டும். நன்றாக இருங்கள், எல்லோரும்.