உறங்கிப்பூ பூத்த வாசல்

காலையில் எழுந்ததும் பட்டுக்கனி தன் உடுப்பைப் பிழிந்து, வந்த தண்ணீரில் பாதியைக் குடித்தாள். தேரிப் பாலைவனத்தில் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். வேர்வையை உறிஞ்சி, உப்பை நீக்கி, நல்ல நீராகத் திருப்பித் தரும் மீள்நீர் உடுப்பு இல்லாமல் அங்கே ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. மீதிப் பாதியைக் குடத்தில் ஊற்றி மூடினாள். அதைத்தான் அவள் கணவன் சுயம்புவால் பொறுக்க முடியவில்லை.

“நாக்கு வறண்டு கெடக்கு. நீ என்னடான்னா மண்ணுக்குச் சேத்து வைக்கியே.”

“மண்ணு குடிச்சாத்தான் நமக்கு இந்த வீடு நிக்கும்,” என்றாள் அவள்.

அவர்கள் குடியிருப்பை மணல் ஆலைக்கு எடுத்துக்கொள்ளப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. மண்ணுக்கே உரிய செடி உயிரோடிருக்கும் நிலத்தில் ஆலை வைக்கக் கூடாது என்ற சட்டம் ஒன்றுதான் அவளுடைய நம்பிக்கை. உறங்கிப்பூ அப்படிப்பட்ட செடி. பன்னிரண்டு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லையே தவிர, செத்துவிடவில்லை; அதன் விதை வாசல் மண்ணுக்குள் தூங்கிக் கிடந்தது. மகா அழுத்தக்காரச் செடி அது. விதையின் மேல் கசப்புத் தோல், தூறலுக்கெல்லாம் ஏமாறாது. ஒரே நேரத்தில் முழங்கை ஆழம் மண் நனைந்து, அந்தக் கசப்பு கரைந்தால்தான் கண் விழிக்கும். விழித்தால் சில நாட்களில் பூத்து, விதை சிந்தி, மறுபடி தூங்கப் போய்விடும்.

எட்டு மாதம் வாயைக் கட்டிச் சேர்த்த இருபது குடத்தையும் ஒரே காலையில் வாசலில் கொட்டினாள். ஒன்பதாம் நாள், சாம்பல் நிற இலைகளுக்கு நடுவே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மஞ்சள் பூ. சுயம்பு அதன் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

பசுமைத் துறையின் அளவை எந்திரன் வந்தது. பூவை மூன்று முறை சுற்றிப் பார்த்து, உறங்கிப்பூதான் என்று உறுதிசெய்து, ஆலை இனி வராது என்று அறிவித்தது. பிறகு இருவர் விரலிலும் ஊசி குத்தி இரத்தம் எடுத்தது. எதற்கு என்று பட்டுக்கனி கேட்டாள்.

“இந்த இடம் இன்று முதல் சரணாலயம், அம்மா. மண்ணுக்கு உரியவை மட்டுமே இருக்கலாம். உங்கள் மரபணு வெளியிலிருந்து வந்தது. நாளை மாலைக்குள் கிளம்ப வேண்டும்.”

“நாங்க நாலு தலைமுறையா இங்கதான இருக்கோம்,” என்றாள். அந்தச் செடி நாலாயிரம் தலைமுறையாக இருக்கிறது என்று எந்திரன் பணிவோடு எடுத்துச் சொன்னது.

மறுநாள் அவர்கள் மூட்டை கட்டும்போதே வீட்டுச் சுவரில் பலகை ஏறியது. உறங்கிப்பூ சொகுசு விடுதி. நீச்சல்குளம் வரும் என்று படமும் போட்டிருந்தார்கள். இங்கே தங்க வருகிறவர்கள் மட்டும் இந்த மண்ணுக்கு உரியவர்களா என்று சுயம்பு கேட்டான்.

“அவர்கள் இயற்கையை நேசிப்பவர்கள், ஐயா,” என்றது எந்திரன்.