பெட்டிக் குளிர்

ஏசியிலிருந்து வந்தது அனல் காற்றுதான். ஆனால் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ராசப்பன் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். கத்திரி வெயிலில் வெந்து கிடந்த கொள்ளிடக் கரையில் அந்த ஈரம் மட்டும் கறுப்பாகப் பரவியிருந்தது. விரலை வைத்தார். பல் கூசுகிற மாதிரி ஜில்லென்றிருந்தது. குளிராத ஏசிக்கு எங்கிருந்து வருகிறது இந்தத் தண்ணீர்? சனியன் என்று விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

திருவானைக்காவல் வீட்டில் கரண்டு போய் இரண்டு நாள். வருகிறோம் வருகிறோம் என்கிறார்களே தவிர ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை. மனைவி அழகம்மாளுக்கு இருதயக் கோளாறு, வெக்கையில் விட்டால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் அவளை வேனில் படுக்கவைத்து, ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே இந்த ஆற்றோரப் புளியமரத்தடிக்கு ஓட்டி வந்தார்.

ஒரு காலத்தில் பிணம் ஏற்றிய வேன் அது. ஃப்ரீசர் பெட்டியைச் சாவு வீடுகளுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர் அவர். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வீட்டார் தடுமாறினால் அதையும் அவரே கட்டிவிடுவார்; இரண்டு சுற்று, உள்பக்கமாக ஒரு முடிச்சு. தொழிலை விட்ட பிறகு வேனுக்குள் கட்டிலும் திரையும் போட்டார், ஊர் ஊராகப் போகலாம் என்று. ஏசி விஷயத்தில் மட்டும் எந்தக் கடைக்காரனையும் நம்பவில்லை. தன் பெட்டியையே பிரித்து, அதிலிருந்த கம்ப்ரசரை மாட்டச் சொன்னார்.

மாட்டிக்கொடுத்த பாலக்கரை எலக்ட்ரீஷியன் பிலோமின்ராஜ் அப்போதே தலையைச் சொறிந்தான்.

"பெரியவரே, பொட்டியில படுக்குறவங்க ஒடம்பு சூடு விடாது. அதுக்குத்தான் இது தாங்கும். உசுரோட இருக்கவங்களுக்குப் பத்தாதுங்க."

ஏசிக்குத் தனி பேட்டரி வேண்டும் என்றும் சொன்னான். இன்னொன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்த ராசப்பன், வண்டி பேட்டரியே போதும் என்று வாயை அடைத்துவிட்டார்.

அந்த பேட்டரி இப்போது அவர் கண்ணெதிரில் செத்தது. மீட்டரில் எண்கள் மங்கின, காற்றாடி முனகி நின்றது. சாவியைத் திருகினால் டிக் என்ற சத்தத்தோடு சரி. போன் போட்டால், காவிரிப் பாலத்து நெரிசலில் நிற்கிறேன், வேறு பேட்டரியோடு வருகிறேன் என்றான் பிலோமின்ராஜ். புளுகு. வீட்டில் சோறு தின்றுகொண்டிருப்பான்.

"என்னங்க, மூச்சு முட்டுது" என்றாள் அழகம்மாள் திரைக்குப் பின்னாலிருந்து.

"எனக்கு மட்டும் என்ன காத்தா அடிக்குது? செத்த பொறுடி."

வயர்களைப் பிடுங்கி, பேட்டரியைத் தூக்கி வெளியே மண்ணில் வைத்தார். அது கையைச் சுட்டது. வந்த பாதைப் பக்கமாகப் பார்த்தார். மணலுக்கு மேல் கானல் நெளிந்ததே தவிர ஒரு ஈ காக்கை இல்லை. இவனை நம்பியதற்கு விசிறியை எடுத்து விசிறியிருக்கலாம். உள்ளே அவள் முனகல் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அப்போது வேன் உறுமியது.

அடித்தொண்டையில் இழுக்கிற அந்தச் சத்தத்தைத் தூக்கத்திலும் அடையாளம் சொல்வார். அழுது ஓய்ந்த வீடுகளில் விடிய விடியக் கேட்ட பெட்டிச் சத்தம். கதவிடுக்கில் குளிர்காற்று வந்து காலில் மோதியது. முதலில் சந்தோஷம்தான், பார்த்தாயாடி என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு மண்ணில் கிடந்த பேட்டரியைப் பார்த்தார்.

உள்ளே ஏறினார். ஊதுவத்தி வாசம். வாடின ரோஜா வாசம். கண்ணாடியில் பனி. திரையை விலக்கக் கை வரவில்லை. விலக்கினார்.

அவள் மல்லாந்து படுத்திருந்தாள். கால் கட்டைவிரல்கள் வெள்ளைத் துணியால் கட்டப்பட்டிருந்தன.

இரண்டு சுற்று. உள்பக்கம் முடிச்சு.

அவருடைய முடிச்சு.

நகத்தால் கிள்ளி, பல்லால் இழுத்து அவிழ்த்தார். உறுமல் நின்றது. அனல் வந்து அப்பியது. அழகம்மாள் உடம்பு தூக்கிப் போட்டது. கண் பிதுங்க, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினாள். முகமெல்லாம் வேர்வை.

"வேகுதுங்க. அத ஏன் நிறுத்துனீங்க?"

நெஞ்சைத் தடவினார். துண்டால் விசிறினார். தண்ணீர் புகட்டினார், வழிந்தது. போன் போட்டார். பாலத்தில்தான் நிற்கிறானாம். அவள் உதடு நீலமாகிக்கொண்டே வந்தது.

துணி கையிலேயே இருந்தது.

இரண்டு சுற்று. உள்பக்கம் முடிச்சு.

வேன் உறுமியது.

"இப்பத்தாங்க நல்லா இருக்கு" என்றாள் அழகம்மாள். சிரித்தாள். வையம்பட்டித் தங்கச்சி வீட்டுக்கு இந்த வண்டியிலேயே போகலாம் என்றாள், அங்கே மாம்பழம் வந்திருக்கும் என்றாள். ராசப்பன் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தார். குளிரில் அவர் மூச்சு வெள்ளை வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. அவள் ஓயாமல் பேசினாள். அந்த வாயிலிருந்து புகை வரவேயில்லை.