பின்கொசுவம்

புதன்கிழமை காலை தெல்மா தையலறைக் கதவைத் திறந்தபோது, பொம்மைக்கு மாட்டியிருந்த கருநீலப் பட்டுப் பாவாடையின் பின்பக்கம் நசுங்கிக் கிடந்தது. யாரோ அதை உடுத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்து எழுந்துபோனதுபோல இடுப்புக்குக் கீழே அகலமாக ஒரு பள்ளம். அதிலிருந்து இருபுறமும் விசிறியாகப் பரவிய சுருக்கங்கள். ஒற்றைக் கம்பியின்மேல் நிற்கிற தையல் பொம்மைக்குக் கால்கள் கிடையாது. உட்கார அதனால் முடியாது.

கடலிலிருந்து வந்த மூடுபனி மூன்று நாளாகத் தெருவைவிட்டுப் போகவில்லை. ஈரத்தில் பட்டு தொய்ந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

யார்க்‌ஷயர் கரையிலிருந்த அந்தச் சிற்றூரில் ஆண்டுதோறும் விக்டோரியா ராணி காலத்து உடையில் ஊர்வலம் போவார்கள். பதினோரு ஆண்டாக அதற்குத் தைப்பவள் தெல்மா கார்பட். முன்பக்கம் வயிற்றோடு தட்டையாக ஒட்டியிருக்க, பின்பக்கம் மட்டும் கம்பிக்கூண்டின்மேல் புடைத்துக் கொசுவம் கொசுவமாக இறங்கும் பாவாடை அவளுக்குக் கைவந்த வேலை. அந்தப் புடைப்பை நிறுத்துவது உள்ளே இருக்கும் நாடாக்கள். தொடைக்குப் பின்னால் அவற்றை இறுக்கி முடிச்சிட்டால் துணி முழுதும் பின்னுக்குப் போய்க் குவியும்.

இந்தப் பாவாடைக்கான அளவுச்சீட்டு தபாலில் வந்தது. அனுப்பியவர் பெயர் கையெழுத்தில் புரியவில்லை. அளவுகள் மட்டும் தெளிவாக இருந்தன. இடுப்பு, புட்டம், தரைவரை உயரம் எல்லாம் அரை அங்குலம் பிசகாமல் தெல்மாவின் அளவு. அப்போது தங்கை நோரீனிடம் போனில் சொல்லிச் சிரித்தாள்.

"அப்ப பொம்மைக்கு லீவு குடு. நீயே போட்டுப் பாத்துத் தைச்சிரலாம்க்கா."

"இந்த இடுப்பு இன்னொருத்திக்கும் வாய்ச்சிருக்குன்னா, பாவம், அவளும் கேக்கை விடமாட்டா போல."

அதே நோரீன் நேற்று கோபமாகப் பேசினாள். "மூணு வாரமா அந்த ரூமுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கே. நாளைக்கு நாலு மணிக்குக் காரோட வரேன். ஊசிய வச்சிட்டுக் கெளம்பற வழியப் பாரு. ஒரு வாரம் எங்க வீட்லதான் இருக்கப் போற."

தெல்மா நீராவி இஸ்திரிப்பெட்டியைப் பிடித்துச் சுருக்கங்களை நீக்கினாள். ஆவியோடு ஒரு வாடை கிளம்பியது. பட்டு நனைந்த வாடை அல்ல. நாளெல்லாம் உடுத்திக் களைந்த துணியில் இருக்கும் வியர்வையும் தோலும் கலந்த வாடை. இதுவரை எவர் உடம்பிலும் ஏறாத துணி அது.

கீழே போய் ஒரு கோப்பை டீயோடு திரும்பினாள். மறுபடியும் அதே பள்ளம்.

கை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. ஆவியின் ஈரச்சூடு இல்லை. இப்போதுதான் ஒருவர் எழுந்துபோன நாற்காலியின் சூடு.

டீ ஆறிப்போகும்வரை அதைப் பார்த்தபடி சுவரோரம் நின்றிருந்தாள். மீதி இருந்தது ஒரே வேலைதான். நடக்கும்போது கீழ்க்கரை தரையில் புரள்கிறதா என்று உடுத்திப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டால் இந்தச் சனியன் தொலைந்தது. மூன்றரை மணிக்கு, உள்நாடாக்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு, பாவாடைக்குள் இறங்கினாள். முதுகுப்பக்கம் இடுப்புப் பட்டியின் கொக்கியை மாட்டினாள்.

கண்ணாடியை நோக்கி ஓர் அடி. இன்னோர் அடி. பட்டு சரசரத்தது.

மூன்றாவது அடிக்குக் கால் வரவில்லை.

தொடைக்குப் பின்னால் ஒரு நாடா இறுகியது. பிறகு அதற்குக் கீழே ஒன்று. அதற்கும் கீழே ஒன்று. ஒவ்வொன்றும் நிதானமாக, முடிச்சைச் சரிபார்த்துச் சரிபார்த்து இறுகியது. கையைப் பின்னால் நீட்டினாள். கூண்டு குறுக்கே நின்றது, விரல் எட்டவில்லை. கொக்கியைத் தேடினாள். பட்டி சதையோடு பதிந்திருந்தது, நகம் நுழைய இடமில்லை. கத்தரிக்கோல் மேசைமேல் இருந்தது. நான்கடி தூரம். போன் சமையலறையில்.

வெளியே கார் வந்து நின்றது. ஹாரன் அடித்தது.

"அக்கா, கதவு பூட்டியிருக்கு. வந்து தொற."

தெல்மா வாயைத் திறந்தாள். மூச்சு இடுப்புப் பட்டியைத் தாண்டி மேலே வரவில்லை. ஜன்னல் பக்கம் உடம்பை எக்கினாள். ஒருகாலத்தில் துணிக்கடையாக இருந்த மாடி அது. கண்ணாடி ஜன்னல் தரைவரை இறங்கும். பனிக்குள் நோரீனின் சிவப்புக் கம்பளித் தொப்பி அண்ணாந்தது.

"அடேயப்பா, மகாராணி! இதுக்குத்தான் தாமதமா? எங்க, திரும்பு, பின்பக்கம் பாக்கலாம்."

தெல்மா தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம்.

பாவாடை திரும்பியது. அவள் பாதம் பெயரவில்லை. துணி அவளைச் சுழற்றியது, முதுகு ஜன்னலுக்கு வரும்வரை. எதிரே நிலைக்கண்ணாடி. அதில் அவள் முகம். அவளுக்குப் பின்னால் ஜன்னல், பனி. வேறு யாரும் இல்லை.

கீழே நோரீன் சிரிப்பது கேட்டது.

"ஒத்தாசைக்கு ஆள் வச்சிருக்கேன்னு சொல்லவே இல்லையேக்கா. எவ்ளோ கவனமா குனிஞ்சு கொசுவத்தை எடுத்து விடறாங்க பாரு. சரி, அவங்க முடிக்கட்டும், அவசரமில்ல. நான் கார்ல இருக்கேன்."

கார்க் கதவு சாத்திக்கொண்டது. ரேடியோவில் யாரோ வானிலை சொன்னார்கள்.

பின்னால் ஒரு கொசுவம் விலகிப் படிந்தது. அடுத்தது. அடுத்தது.

பிறகு ஊசி இறங்கியது. பட்டியின் திறப்பில், கொக்கிக்கு மேலே. நூல் துணிக்குள் ஓடும் மெல்லிய சத்தம். ஓர் இழுப்பு. மறுபடி. தோலைத் தொட்டும் தொடாமலும், நெருக்கமான, நேர்த்தியான தையல். திறப்பு மூடிக்கொண்டே வந்தது.

நின்றது.

முடிச்சு விழுந்தது.

நூலை அறுக்கப் பின்னால் யாரோ குனிந்தார்கள். இடுப்பில் வெதுவெதுப்பாக மூச்சு பட்டது. பிறகு ஈரமான உதடு. பிறகு பல்.